பூமா புங்கு கல்லுகள ஆர் வெட்டின? தியவனாக்கு பற்றித் தெரிஞ்சாக்கள் கொஞ்சம் வாங்க

வாவிக்கரைப் பெடியன் (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். பொலிவியாவில இருக்கிற தியவனாக்கு எண்ட பழைய நகரம் பற்றித்தான் கேள்வி. தென்னமெரிக்காவில பெரிய ராச்சியம் வச்சிருந்த இன்காக்காரர் வாறதுக்கு முன்னமே இருந்து அழிஞ்ச ஊர், டிட்டிகாக்கா ஏரிக்குக் கிட்ட, கடல்மட்டத்திலருந்து ஏறக்குறைய 3,850 மீற்றர் உயரத்தில இருக்கு. நம்மட நாட்டில ஆக உயரமான பிதுருதலாகல உச்சியே 2,524 மீற்றர்தான், அதுக்கும் மேல இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு மேல ஏறிப்போய் ஒரு நகரத்தக் கட்டிரிக்காங்க எண்டதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பிரச்சினை என்னண்டா நானும் மச்சானும் யூடியூப்ல ஒரு வீடியோ பாத்த நாள்ல இருந்து இதுல வாக்குவாதம். அவன் சொல்றான் அங்க பூமா புங்கு எண்டு ஒரு பகுதி இருக்காம், அங்க கிடக்கிற கல்லெல்லாம் எச் எழுத்து வடிவத்தில ஒரே அச்சில வாத்த கணக்கா இருக்காம், அது டயோரைட் எண்ட கல்லாம் வைரத்தாலதான் வெட்ட ஏலுமாம், சக்கரம் இல்லாத இரும்பு இல்லாத எழுத்தும் இல்லாத சனம் அதச் செஞ்சிருக்கவே மாட்டாங்களாம், அப்ப வேற கிரகத்து ஆக்கள்தானாம், அதுவும் 17,000 வருசத்துக்கு முன்னமாம். எனக்கு அது மனசுக்கு ஒப்பல்ல, ஆனா திருப்பிச் சொல்ல என்னட்ட விசயம் காணாது. உண்மையில எந்தக் காலத்தில கட்டின, எப்பிடி வெட்டின, மறுகா அந்தச் சனமெல்லாம் எங்க போன? தெரிஞ்சாக்கள் விரிவா எழுதுங்க, நீளமா இருந்தாலும் வாசிப்பன்.

சரித்திர வாத்தியார் (மட்டக்களப்பு டவுன்):

தம்பி, முதல்ல அந்த 17,000 வருசக் கணக்கு எங்கருந்து வந்ததெண்டு பாப்பம், ஏனெண்டா மிச்சக் கதையெல்லாம் அதுக்கு மேலதான் கட்டிரிக்கு. ஆர்தர் பொஸ்னான்ஸ்கி எண்டு ஒஸ்திரியாவில பிறந்த ஒரு பொறியியலாளர், பொலிவியாவில வந்து குடியேறி தன்ட வாழ்நாளில பெரும்பகுதிய இந்த இடத்துக்கே குடுத்தவர். அவர்தான் கி.மு. 15,000 எண்டு சொன்னவர். அங்க கலசசாயா எண்டு ஒரு பெரிய மேடைக் கட்டடம் இருக்கு, அதின்ட மூலைக் கல்லுகள் சூரியன் வடக்கயும் தெற்கயும் கடைசியாப் போய் உதிக்கிற இடத்துக்கு நேரா வச்சதெண்டு அவர் எடுத்துக்கொண்டார். ஆனா அவர்ட காலத்தில அது கொஞ்சம் விலகி நிண்டது. பூமியின்ட அச்சுச் சாய்வு ஆயிரக்கணக்கான வருசத்தில மெல்ல மெல்ல மாறுறது உண்மை, அதால அந்த விலகல வச்சுப் பின்னுக்குக் கணக்குப் பாத்து அந்த வருசத்துக்கு வந்தார்.

கணக்கில பிழையில்ல, கணக்குக்கு எடுத்த கல்லிலதான் சிக்கல். எந்தக் கல்லில நிண்டு எந்தக் கல்லப் பாக்கணும் எண்டத அவரே தெரிஞ்செடுத்தார், அந்த நேரம் சுவரின்ட பெரும்பகுதி கல்லுகள ஊராக்களும் வெளியாக்களும் கொண்டுபோயிட்டாங்க. இப்ப போட்டோக்களில நேரா நிக்கிற கலசசாயாச் சுவர் 1950கள், 60களில கார்லோஸ் பொன்சே சான்ஹினெஸ் தலைமையில திருப்பிக் கட்டினது. அளவில ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலே இந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான வருசம் தள்ளிப்போகும், அப்பிடியான அத்திவாரத்தில ஒரு நாகரிகத்தின்ட வயச நிறுவ ஏலாது.

கரி, எலும்பு, தாவரம் இதுகளில இருக்கிற கதிரியக்கக் கார்பன அளந்து வயசு எடுக்கிற முறை 1940களின்ட கடைசியிலதான் வந்த. அப்பிடிப் பாத்தா பூமா புங்கு மேட்டின்ட ஆக அடிப் படை கி.பி. 536க்கும் 600க்கும் இடையில வருது. அதாவது தமிழ்நாட்டில பல்லவர் தலையெடுக்கிற காலம். நகரம் ஆகச் செழிப்பா இருந்தது கி.பி. 500ல இருந்து 1000 வரைக்கும், தஞ்சைப் பெரிய கோயில் 1010ல முடியிற நேரம் தியவனாக்கு வெறிச்சோடிப் போற காலம். இப்பிடிப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க, அது ஏதோ யுகத்துக்கு முந்தின விசயமா இருக்காது, சரித்திரத்துக்குள்ள வந்து நிக்கும்.

இன்னொண்டும் மச்சானுக்குச் சொல்லுங்க. 1549ல பெட்ரோ சியேசா டி லியோன் எண்ட ஸ்பானியர் அங்க போய், இதெல்லாம் இன்காக்காரர் கட்டினதா எண்டு ஊர்ச்சனத்திட்டக் கேட்டவர். அவங்க சிரிச்சுப்போட்டு, இல்ல, இன்காக்காரருக்கு எவ்வளவோ முந்தினது எண்டு சொல்லிரிக்காங்க. அவர் அத எழுதி வச்சிட்டுப் போனார். இது பழைய இடம் எண்டது அந்த ஊர்ச்சனத்துக்குத் தெரிஞ்ச விசயம்.

கல்லுவேலைக்காரன் (கல்முனை):

சேர் வருசத்தச் சொல்லிட்டார், நான் கல்லச் சொல்றன். நான் பாத்த வேலை இது, அதால கொஞ்சம் உரிமையோடயே கதைக்கிறன்.

அந்த டயோரைட் கதை பொய் தம்பி. பூமா புங்குவில அடித்தளத்துக்குப் போட்ட பெரிய பலகைக் கல்லெல்லாம் செந்நிற மணல்கல்லு. எச் கல்லு, வாசல் கல்லு மாதிரி நுணுக்கமா வெட்டினதுகள் அண்டசைட் எண்ட எரிமலைக் கல்லு. மணல்கல்லு வேலைக்கு இளகின கல்லு, அண்டசைட் கடினம்தான், ஆனா வைரம் கேக்கிற கல்லில்ல. அதவிடக் கடினமான உருண்டைக் கல்லெடுத்து ஒரே கோணத்தில குத்திக் குத்தித் தூளாக்கி எடுக்கலாம். அம்மி கொத்துறாக்களப் பாத்தவங்களுக்குத் தெரியும், கல்லு போறது பலத்தால இல்ல, அடி விழுற இடத்தாலயும் பொறுமையாலயும்தான். ஜான்-பியர் ப்ரொட்சன் எண்ட கட்டடக்கலைப் பேராசிரியர் 1980களில இன்காக்காரர்ட கல்லுக்குவாரியில தானே உருண்டைக் கல்லெடுத்துக் குத்திப் பாத்தவர், அண்டசைட்டில மட்டமான முகமும் வெளி மூலையும் அவருக்கு வந்த.

மறுகா அவரும் ஸ்டெல்லா நாயர் எண்டவவும் சேந்து தியவனாக்குக் கல்லுகள ஒவ்வொண்டா அளந்தாங்க. இந்த இடம்தான் எனக்கு நித்திரை வராமப் பண்ணின இடம். எச் கல்லெல்லாம் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம், ஒரே மாதிரியில வெட்டினது, ஆனா நுணுக்கி அளந்தா ஒண்டுக்கொண்டு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு, மெசினால வாத்திருந்தா அது வராது. கையால, ஒரு அளவுச்சட்டம் வச்சு வெட்டிரிக்காங்க. அதேநேரம் உள்பக்க மூலை, அதாவது கல்லுக்குள்ள இறங்கிப் போற பள்ளத்தின்ட மூலை, சுத்தமா 90 பாகையில கூர்மையா நிக்குது. அத உருண்டைக் கல்லால மட்டும் எடுக்க ஏலாதெண்டு ப்ரொட்சனும் நாயரும் ஒத்துக்கொள்றாங்க, கூரான சின்னக் கருவி ஏதோ தேவைப்பட்டிரிக்கு, அது என்ன எண்டதுதான் இன்னும் முடிச்சவிழாத விசயம். மர்மம் வேணுமெண்டா இந்த மூலையப் பாருங்க. கைத்திறன் எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு அது சாட்சி.

அடுத்தது உலோகம். பெரிய கல்லு ரெண்டு சேருற இடத்தில நடுவில ஒடுங்கி ரெண்டு நுனியும் அகண்ட பள்ளம் வெட்டி, அதுக்குள்ள உலோகப் பூட்டுப் போட்டிரிக்காங்க. ஹெதர் லெக்ட்மன் எண்ட ஆய்வாளர் அத ஆராய்ஞ்சு சொன்னது, செம்போட ஆர்சனிக்கும் நிக்கலும் கலந்த வெண்கலம். பூமா புங்குவில அத உருக்கி நேரா பள்ளத்துக்குள்ளயே ஊத்திரிக்காங்க. பக்கத்தில அக்கபானா எண்ட மண்பிரமிட்டின்ட வாய்க்காலில போட்ட பூட்டு வேற மாதிரி, முதல்ல வாத்தெடுத்து மறுகா குளிர்ந்த நிலையில அடிச்சு வடிவாக்கினது. ஒரே ஊருக்குள்ள ரெண்டு முறை. அந்த உயரத்தில காத்தில ஒட்சிசனே குறைவு, அங்க உலை மூட்டி வெண்கலம் உருக்கி கல்லுக்குப் பக்கத்தில கொண்டுவந்து ஊத்தின மனுசன நினைச்சுப் பாருங்க. அவன்ட வேலைய எடுத்து வேற கிரகத்தாக்களுக்குக் குடுக்கிறது எனக்கு ஏலாது.

பொத்துவில் காத்து:

எல்லாம் சரி அண்ணன், ஆனா நீங்க பாரத்தப் பற்றி ஒண்டும் சொல்லல்லையே. அங்க ஆகப் பெரிய கல்லு நூறு டன்னுக்கு மேல எண்டு போட்டிரிக்கு. மாடு இல்ல, குதிரை இல்ல, சக்கரமும் இல்ல. லாமா எண்ட மிருகம் முப்பது கிலோ தூக்கினாலே பெரிய விசயம். இத ஆர் இழுத்த?

கல்லுவேலைக்காரன் (கல்முனை):

நல்ல கேள்வி தம்பி. ஆகப் பெரிய பலகைக் கல்லு 7.81 மீற்றர் நீளம், 5.17 மீற்றர் அகலம், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தடிப்பு, பாரம் கிட்டத்தட்ட 131 டன் எண்டு கணிச்சிரிக்காங்க. நம்மட பெரிய டிப்பர் பத்தில ஏத்துற மண்ணின்ட பாரம். ஆனா அந்த மணல்கல்லு வந்தது ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்குள்ள இருக்கிற குவாரியிலருந்து, தட்டையான வெளி. கயிறு, ஆள்பலம், வழுக்கிற பாதை. ஒரு ராச்சியம் தன்ட சனத்தக் கூப்பிட்டா ஆயிரம் பேர் வந்து இழுக்கிற காலம் அது.

தூரத்திலருந்து வந்தது அண்டசைட், ஏரிக்கு அங்கால கோபகபானா பக்கத்திலருந்து. அது அளவில சின்னக் கல்லு. அத எப்பிடி ஏரியால கொண்டந்திருப்பாங்க எண்டு பாக்க 2002ல ஒரு பரிசோதனை செஞ்சாங்க, டிட்டிகாக்கா கரையில வளர்ற டொட்டோரா எண்ட கோரையால பெரிய வள்ளம் கட்டி, 9 டன் கல்லொண்ட அதில ஏத்தி ஏரியக் கடந்து கொண்டுவந்திட்டாங்க. வள்ளம் கட்டினது அந்த ஏரிக்கரைச் சனம்தான், அந்தக் கைவேலை இன்னும் அவங்கட கையில இருக்கு.

அதோட பூமா புங்கு ஏன் இப்பிடிச் சிதறிக் கிடக்கெண்டும் கேப்பீங்க. நூத்தாண்டுக் கணக்கா கல்லு களவு போய், புதையல் தேடி உடைச்சு, நுணுக்கமா வெட்டின கல்லொண்டும் தன்ட இடத்தில இல்ல. 2018ல அலெக்ஸி வ்ரானிச் எண்ட தொல்லியலாளர் பழைய பயணிகளும் ஆய்வாளர்களும் 150 வருசமா எடுத்து வச்ச அளவுகள வச்சு, ஒவ்வொரு துண்டையும் நூத்துக்கு நாலு எண்ட அளவில திரீ-டி பிரின்டரில சின்னதா எடுத்து, கையால பொருத்திப் பொருத்திப் பாத்தார். கொம்பியூட்டர் திரையில பிடிபடாத பொருத்தமெல்லாம் கையில வச்சு உருட்டக்குள்ள பிடிபட்டதாம். இத வாசிச்சப்ப எனக்குச் சந்தோசமா இருந்த, கட்டட வேலை தெரிஞ்ச எவனும் அப்பிடித்தான் செய்வான்.

வட்டைக்காரன் (சம்மாந்துறை):

எல்லாரும் கல்லப் பத்தியே கதைக்கிறீங்க, எனக்கு வேற ஒரு கேள்வி. அந்த நகரத்தில பத்து இருபதாயிரம் சனம் இருந்ததா சொல்றாங்க. 3,850 மீற்றரில, ராவையில உறைபனி விழுற இடத்தில, அவ்வளவு சனத்துக்கும் சோறு எங்கருந்து வந்த? கல்லு இழுக்கிற ஆயிரம் பேருக்கும் ஆரோ திங்கக் குடுக்கணுமே. என்ட மனசுக்கு தியவனாக்குட பெரிய அதிசயம் அதின்ட வயல்தான், அத ஒரு வீடியோவும் காட்டாது.

ஏரியச் சுத்தின பள்ளக் காணியில அவங்க மண்ண அள்ளி நீளமான உயர்ந்த பாத்தி போட்டிரிக்காங்க, பாத்திக்குப் பாத்தி இடையில அகலமான வாய்க்கால், அதுக்குள்ள எப்பவும் தண்ணி. அங்கத்தப் பழங்குடியான அய்மாராச் சனம் அதச் சுக்கா கொல்யு எண்டு சொல்றாங்க. பகல்ல அந்த உயரத்தில வெயில் நெருப்பா எரிக்கும், வாய்க்கால் தண்ணி அந்தச் சூட்டக் குடிச்சு வச்சிக்கும், ராவையில மெல்ல மெல்ல விடும், பயிருக்கு மேல உறைபனி இறங்காம அது காக்கும். வயல்ல வேலை செஞ்ச ஆக்களுக்கு இது வெளங்கும், பொழுதுபட்ட பிறகும் வரவைக்குள்ள கால வச்சா தண்ணி இளஞ்சூடாத்தான் இரிக்கும். அதோட வாய்க்கால்ல படியிற சேறையும் பாசியையும் அள்ளிப் பாத்திக்கு மேல போட்டா அதுவே பசளை. உருளைக்கிழங்கு, கினோவா எண்ட தானியம், ஓக்கா எண்ட இன்னொரு கிழங்கு, இதுகள்தான் பயிர். மிஞ்சின உருளைக்கிழங்க ராப்பனியில உறையவச்சு, காலால மிதிச்சு, பகல் வெயில்ல காயவச்சு சுன்யோ எண்டு எடுத்து வச்சா வருசக்கணக்கில கிடக்கும், அந்த வேலை இண்டைக்கும் நடக்குது.

அலன் கொலாட்டா எண்டவரும் ஒஸ்வால்டோ ரிவேராவும் 1980களில அந்தப் பழைய பாத்திகளத் திருப்பி எடுத்துப் பயிர் வச்சுப் பாத்தாங்க. ஹெக்டயருக்குச் சராசரி 21 டன் உருளைக்கிழங்கு வந்ததாம். அந்தப் பக்கத்துச் சாதாரண முறையில 2.4 டன், ரசாயன உரமும் மருந்தும் போட்டு 14.5 டன். இத வாசிச்சு நான் எழும்பி நிண்டிட்டன்.

ஆனா அரைக் கதைய மட்டும் சொல்றது சரியில்ல. அந்தப் பாத்திகளத் திருப்பி எடுக்கிற திட்டத்துக்கு வந்த காசு நிண்ட பிறகு கனபேர் அந்தப் பாத்திகளக் கைவிட்டுட்டாங்க. காரணம் எனக்கு நல்லா வெளங்குது, மண் வெட்டி, வாய்க்கால் தூர்வாரி, பாத்தி கட்டி, அவ்வளவு உழைப்புக்குக் கூலி எங்க? காணி இரிக்கிறவன் மேட்டில விதைச்சுட்டுக் காணியக் காயப்போட்டுத் திருப்பி விதைப்பான், அதுதான் லேசு. அப்ப அந்தக் காலத்தில ஏன் செஞ்சாங்க எண்டா, கூடச் சனம், கூடச் சோறு தேவை, கேக்கிறதுக்கு ஒரு ராச்சியம் இரிந்த. ராச்சியம்தான் கட்டளை போட்டுச் செஞ்ச எண்டு கொலாட்டா சொல்றார். பெருவில ஏரிக்கு மத்தப் பக்கம் வேலை செஞ்ச கிளார்க் எரிக்சன், இல்ல, ஊர்ச்சனம் தாங்களாக் கூடியே செய்ய ஏலும் எண்டு சொல்றார். எங்கட பக்கம் வட்டவிதானை எண்ட வயல் தலைவர்ட தலைமையில ஒரு வட்டையே, அதாவது ஒரு வயல்வெளிக்காரர் எல்லாருமே சேந்து வாய்க்கால் வெட்டுறதப் பாத்து வளர்ந்தவன் நான், அதால எரிக்சன் பக்கம்தான் என்ட மனசு சாயுது.

வாவிக்கரைப் பெடியன் (கல்லடி):

சேர், அண்ணன், நானா எல்லாருக்கும் பெரிய நன்றி. மச்சானுக்கும் லிங்க் அனுப்பிட்டன், வாசிச்சுக்கொண்டிருக்கான். கடைசிக் கேள்விக்குத்தான் ஒருத்தரும் பதில் சொல்லல்ல, அந்தச் சனம் எங்க போன?

தேத்தாத்தீவு அக்கா:

தம்பி, எங்கயும் போகல்ல. அய்மாராச் சனம் இண்டைக்கும் அதே ஏரிக்கரையிலதான் இருக்காங்க, ஒவ்வொரு வருசமும் ஜூன் 21 விடியக்காலம் தியவனாக்குவில கூடி நிண்டு, கையத் தூக்கி முதல் சூரியக்கதிர வாங்கிறாங்க. 2006ல அய்மாராக்காரரான ஈவோ மொராலெஸ் பொலிவியா ஜனாதிபதியாப் பதவி ஏக்கிறதுக்கு முதல் நாள் அங்க போய்த்தான் தன்ட சனத்திட்ட ஆசி வாங்கினவர். வேற கிரகத்தாக்கள் கட்டின எண்டு சொல்லக்குள்ள, உசிரோட இருக்கிற ஒரு சனத்திட்ட இருந்து அவங்கட பாட்டன் பூட்டன்ட வேலையப் பறிக்கிறம். எனக்கு இதுல கோபம் வரும், அத மறைக்கவும் விரும்பல்ல. நம்மட கிழக்கில இருக்கிற பழைய இடங்களையும் ஆரோ வந்து இது உங்கட இல்ல எண்டு சொன்னா எப்பிடி இருக்கும்?

நகரம் ஏன் கைவிடப்பட்ட எண்டதுக்கு ஒரு பதில் இல்ல. குவெல்கயா எண்ட பனிமலையில துளைச்செடுத்த பனித்தூண்ல ஒவ்வொரு வருச மழையும் படிஞ்சிருக்கு, அதுல நீண்ட வறட்சி ஒண்டு தெரியுது, ஏரி வத்தி வயல் செத்தது எண்டு கொலாட்டா ஆக்கள் சொல்றாங்க. வேற ஆய்வாளர்கள், வறட்சி பலமாகிறதுக்கு முன்னமே ஊர் உள்ளுக்குள்ள உடையத் தொடங்கிட்டு எண்டு சொல்றாங்க, சிலைகள வேணுமெண்டே உடைச்ச அடையாளமும் இருக்கு. எனக்குப் படுறது, மழை குறையக்குள்ள சனம் தலைவன நம்பாமப் போயிரிக்கும், ரெண்டும் ஒண்ட ஒண்டு இழுத்துப் போட்டிரிக்கும்.

அழிவு அதோட முடியவும் இல்ல. ஸ்பானியர் காலத்தில அக்கபானாவின்ட நடுவ புதையலுக்காகத் தோண்டிப் பெரிய குழியாக்கிட்டாங்க. ஊரில இருக்கிற தேவாலயம் அந்த இடிபாட்டுக் கல்லால கட்டினது, 1900கள் தொடக்கத்தில ரெயில் பாதை போடக்குள்ளயும் அங்கருந்து கல்லு போன. 1932ல வென்டல் பெனட் எண்டவர் தோண்டி எடுத்த 7.3 மீற்றர் உயரச் சிலைய அடுத்த வருசம் லா பாஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் வெளியில நட்டு வச்சாங்க, வாகனப் புகையிலயும் மழையிலயும் நிண்டு தேஞ்சு, 2002லதான் திருப்பி ஊருக்கு வந்த. சூரியவாசல் எண்டு பேர்போன ஒத்தைக்கல் வாசல் இருக்கே, நடுவில கோல் பிடிச்ச ஒரு தெய்வமும் ரெண்டு பக்கமும் செட்டை முளைச்ச 48 உருவமும் செதுக்கினது, அதுவும் ஒரு காலத்தில வெடிச்சு விழுந்து கிடந்ததுதான்.

இன்னும் தேட எவ்வளவோ இருக்கு தம்பி. 2013ல டிட்டிகாக்கா ஏரிக்குள்ள கோவா எண்ட பாறைத்திட்டில சுழியோடித் தேடினாங்க, தங்கத்தகடு, பூமா எண்ட காட்டுப்பூனை இன மிருகத்தின்ட உருவத்தில தூபக்கலசம், எங்கேயோ தூரத்து வெப்பக் கடலிலருந்து வந்த ஸ்பொண்டிலஸ் சிப்பி, பலி குடுத்த லாமாக் குட்டிகளின்ட எலும்பு எல்லாம் எடுத்தாங்க. வள்ளத்தில போய் நடு ஏரியில காணிக்கை போட்டிரிக்காங்க.

பொத்துவில் காத்து:

வட்டைக்கார நானா, ஒண்டு கேக்கிறன். அந்த உயர்பாத்தி முறை நம்மட பக்கம் மாரி வெள்ளம் நிக்கிற பள்ளக் காணிகளுக்குச் சரிவருமா?

வட்டைக்காரன் (சம்மாந்துறை):

நெல்லுக்குத் தேவையில்ல தம்பி, நமக்கு உறைபனியும் இல்ல. ஆனா மாரியில கத்தரி, கொச்சிக்கா வைக்கிற ஆக்களுக்கு வேர் அழுகாம இரிக்க உயர்ந்த பாத்தியும் ஆழமான வாய்க்காலும் உதவும், வாய்க்கால் சேற அள்ளிப் போட்டா பசளைச் செலவும் குறையும். வாவி ஓரக் காணியெண்டா மட்டும் யோசிச்சுச் செய்யணும், ஆழமா வெட்டினா கோடையில உப்புத்தண்ணி உள்ளுக்கு ஏறிடும். ஆத்துக்கு மேல்பக்கம் நல்ல தண்ணிக் காணி இரிந்தா ஒரு மூலையில சின்னதாப் போட்டுப் பாருங்க, வாய்க்காலுக்குள்ள ஆத்துவாழை புகாமப் பாத்துக்கொள்ளணும், புகுந்தா அது மூடிடும்.